ஒப்புக்குச் சப்பாணியாக எத்தனை நாள் ஆடுவது?

வாசகர் கேள்வி – பதில்

பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ‘பொழுதுபோக்காக ஆடுபவரும் அதையே தவமாகச் செய்பவரும் ஒரே களத்தில் நெடுநாள் சேர்ந்திருப்பது கடினம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே வந்தவை. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஊரை மட்டும் குறித்துப் பெயர்களை விட்டுவிட்டேன். தோற்ற கதையை ஊரறியச் சொல்ல யாருக்குத்தான் விருப்பம் இருக்கும்?

கேள்வி: எனக்கு நாற்பது வயது, வங்கிப் பணி. இரவு பத்து மணிக்கு மேல், கல்லூரித் தோழர்கள் மூவருடன் ஒரு மணி நேரம் பேட்டில் ராயல் (கடைசிவரை நிற்கும் அணியே வெல்லும் துப்பாக்கி ஆட்டம்) ஆடுகிறேன். மூன்று ஆண்டுகளாக ஆடியும், எதிர்ப்படுகிற பையன்கள் எங்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஆட்டங்களில் இடமே இல்லையா? (வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குறிபார்த்துச் சுடுவதில் அந்தப் பையன்கள் உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்பது ஒன்று. அவர்களிடம் நேரம் இருக்கிறது, உங்களிடம் இல்லை என்பது மற்றொன்று. திறமையும் நேரமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறோம்; விளையாட்டை உருவாக்குபவர்களும் பல நேரங்களில் அப்படித்தான் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் நாளெல்லாம் ஆடியும் சுமாராகவே ஆடுபவர்கள் ஏராளம். வாரத்துக்கு ஒருமுறை வந்து எல்லோரையும் வீழ்த்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேர் இறங்கும் களத்தில் நால்வர் கொண்ட அணிகள் 25 இருக்கும். எதிரே வரும் அத்தனை பேரும் திறமையில் உங்களுக்குச் சரிநிகரானவர்களாகவே இருந்தாலும், நீங்கள் வெல்வதற்கு 25-இல் ஒரு வாய்ப்புதான். ஒரு மணி நேரத்தில் இரண்டு ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், சராசரியாகப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று இரவுகளுக்கு ஒரு வெற்றி கிடைக்கும். அதே திறமையுடன் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஆடுகிற மாணவரோ மூன்று நாளில் இரண்டு வெற்றியைப் பார்த்துவிடுவார். இருவருக்கும் கை ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. திறமையில் உள்ள இடைவெளியைத் தக்க எதிராளியைக் கோர்ப்பதன் மூலம் குறைக்கலாம். நேரத்தில் உள்ள இடைவெளிக்கு அந்த மருந்து வேலை செய்யாது, ஆட்டத்தின் அமைப்பிலேயே கை வைக்க வேண்டும்.

அப்படிக் கை வைத்து நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஆட்டம் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. 2004 நவம்பரில் அது வெளிவந்தபோது, அதன் மிகக் கடினமான கோட்டைகளை வெல்ல 40 பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டியிருந்தது. ஒருவர் வீட்டில் மின்சாரம் போயிருக்கும். ஒருவருடைய குழந்தை அழும். காயங்களை ஆற்றும் வேலைக்கு வர வேண்டியவர் வந்திருக்கவே மாட்டார். மற்றவர்கள் எல்லோரும் கோட்டை வாசலில் காத்துக்கொண்டு நிற்பார்கள். 2006 ஜூனில் திறக்கப்பட்ட நாக்ஸ்ராமஸ் என்னும் கோட்டையை முதல் அணி முழுவதுமாக வென்று முடிப்பதற்குச் செப்டம்பர் ஆகிவிட்டது. மாதச் சந்தா கட்டிய இலட்சக்கணக்கானவர்களுள் மிகச் சிலரே அதன் கடைசி அறையைக் கண்டார்கள். அவ்வளவு செலவில் மண்டபம் கட்டிவிட்டுப் பந்தியில் பத்து இலை மட்டும் போட்டால், கட்டியவருக்கும் மனம் ஆறாதல்லவா? 2007 ஜனவரியில் வந்த அடுத்த பாகத்தில் புதிய கோட்டைகளுக்கு 25 பேர் போதும் என்றார்கள். 2008 நவம்பரில் அதே நாக்ஸ்ராமஸைப் பத்துப் பேரும் போகலாம், இருபத்தைந்து பேரும் போகலாம் என்று எளிதாக்கித் திறந்தார்கள். 2011 இறுதியில், முன்பின் அறியாதவர்களைக் கணினியே ஒரு குழுவாகக் கோர்த்து, கடினத்தைக் குறைத்துக் கோட்டைக்குள் அனுப்பும் வசதி வந்தது.

பழைய ஆட்களுக்கு அதில் கோபம் வந்தது எதிர்பார்த்ததுதான். புதியவர்களுக்கும் அது முழு மகிழ்ச்சியைத் தரவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். தெருவில் ஓடிப்பிடித்து ஆடும்போது, அடம்பிடிக்கிற சின்னப் பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வோம். அது பிடிபட்டாலும் அவுட் இல்லை, யாரையாவது பிடித்தாலும் கணக்கில்லை. விஷயம் தெரியாதவரை அந்தப் பிள்ளைக்கு ஆனந்தம்தான். தெரிந்த அன்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விடும். நேரமில்லாதவருக்காக ஆட்டத்தை எளிதாக்குகிறவர்கள் அடிக்கடி இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். வங்கியில் நாள் முழுக்கக் கோடிகளைக் கணக்குப் பார்த்துவிட்டு வருகிற உங்களுக்கு எளிய எதிரி தேவையில்லை. உங்கள் ஒரு மணி நேரம் கணக்கில் வர வேண்டும், அவ்வளவுதான்.

அதே ஆட்டத்தில் இதை அழகாகச் செய்த இடமும் உண்டு. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காலத்தில், நெடுநேரம் தொடர்ந்து ஆடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும் என்று ஒரு விதி வைத்தார்கள். ‘ஆடியதற்குத் தண்டனையா’ என்று எல்லோரும் கொதித்தார்கள். பிறகு, ஓய்வெடுத்துவிட்டு வருபவருக்குச் சிறிது காலம் இரட்டிப்புப் புள்ளி, அது தீர்ந்த பின் வழக்கமான புள்ளி என்று அதையே மாற்றிச் சொன்னார்கள். கணக்கு ஏறக்குறைய முன்பிருந்ததேதான். எதிர்ப்பு மட்டும் அடங்கிவிட்டது. அலுவலகம் போய்விட்டு இரவில் வருகிறவருக்கு அவருடைய ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரத்தின் மதிப்பைப் பெறுகிறது, யாரும் அவரைச் சலுகையில் சேர்த்ததாகவும் தோன்றுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஆகஸ்டில் அந்த ஆட்டத்தின் ஆதி வடிவத்தை ‘கிளாசிக்’ என்ற பெயரில் மீண்டும் வெளியிட்டார்கள். முன்பு வென்று முடிக்க மாதக்கணக்கான அதே நாக்ஸ்ராமஸ் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. திறந்த அன்றே அதை முடித்துவிட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் மனித விரல்கள் வேகமாகிவிடவில்லை. எந்த எதிரி எப்போது என்ன செய்வான் என்பது எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்தது. திறமை என்று நாம் வியந்ததில் பெரும்பகுதி, ஆள் சேர்ப்பதற்கும் தெரிந்துகொள்வதற்கும் செலவான நேரம்தான்.

ஆகவே, உங்கள் நால்வருக்கும் என் யோசனை இது: ரேங்க் ஏற்றத்தைச் சில வாரம் மறந்துவிட்டு, அதே ஆட்டத்தில் நால்வருக்கு நால்வர் மோதும் குறுகிய மேட்ச்களை ஆடிப் பாருங்கள். சரிநிகரான எதிரணி அமைந்தால் அங்கே வெற்றி வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஒரு மணி நேரத்தில் நாலைந்து ஆட்டம் முடிந்துவிடும், தூங்கப் போவதற்குள் சராசரியாக இரண்டு ஆட்டமாவது வென்றிருப்பீர்கள்.

கேள்வி: தினமும் ஐந்து மணி நேரம் பயிற்சி செய்து ஏஸ் என்னும் உயர்ந்த ரேங்க்குக்கு வந்திருக்கிறேன். வந்த பிறகு ஒவ்வொரு லாபியும் (ஓர் ஆட்டத்துக்குக் கோர்க்கப்படும் கூட்டம்) தேர்வுக்கூடம் போல இருக்கிறது. ஒரு மேட்ச்கூட நிம்மதியாக ஆட முடியவில்லை. முன்னேறியதற்கு இது தண்டனையில்லாமல் வேறென்ன? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. சதுரங்கத்தில், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ வகுத்த மதிப்பெண் முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. இருவரின் மதிப்பெண்ணுக்கு இடையே 400 புள்ளி வேறுபாடு இருந்தால், மேலே இருப்பவர் பதினொன்றில் ஏறத்தாழப் பத்து ஆட்டங்களை வெல்வார் என்பது அதன் கணக்கு. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவைக்காக உருவாக்கிய ‘ட்ரூஸ்கில்’ முறை அதையொட்டிய அடுத்த படி. ஒருவரின் திறமைக்கு ஓர் எண்ணும், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இன்னோர் எண்ணும் அதில் உண்டு. இன்றைய மேட்ச்மேக்கிங்கில், அதாவது யாரோடு யாரை மோதவிடுவது என்று கோர்ப்பதில், பெரும்பகுதி இந்த யோசனையின் வாரிசுதான். நீங்கள் வளர வளர எதிராளியும் வளர்வதால், நன்றாக ஆடுகிறோம் என்ற உணர்வே அற்றுப்போகிறது.

ஆனால் இதைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கிறது. ‘கால் ஆஃப் டியூட்டி’யை வெளியிடும் ஆக்டிவிஷன், தன் சோதனைகளை 2024-இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. திறமை பார்த்துக் கோர்ப்பதை ஒரு பகுதியினருக்கு மட்டும் தளர்த்தியபோது, மேல்வரிசையில் இருந்த பத்துச் சதவீதத்தினரைத் தவிர மற்றவர்கள் திரும்ப வருவது குறைந்தது. ஆட்டத்தின் நடுவில் வெளியேறுவது கூடியது. கடைக்காரர் தன் சரக்கைத் தானே எடைபோட்ட கணக்குத்தான் இது. இருந்தாலும் அதில் உள்ள தர்க்கத்தை மறுக்க முடியவில்லை. கடைசி வரிசைக்காரர் அடி தாங்காமல் போய்விட்டால், அவருக்கு மேலே இருந்தவர் கடைசி வரிசைக்காரர் ஆகிறார்; அவரும் போனால் அடுத்தவர். அந்தப் படிக்கட்டு கீழிருந்து இடிந்துகொண்டே வந்தால், ஒரு நாள் கடைசிப் படியில் நீங்கள் நிற்பீர்கள்.

சதுரங்கக்காரர்கள் இதே முறையில் ஆடியும் உங்களைப் போலப் புலம்புவதில்லை. அவர்களுக்கு மதிப்பெண் கண்ணெதிரே இருக்கிறது. 1600-இலிருந்து 1700-க்கு ஏறியவர் பாதி ஆட்டங்களில் தோற்றாலும் தான் ஏறியதை அறிவார். துப்பாக்கி ஆட்டங்கள் பலவற்றில் திரையில் தெரிகிற ரேங்க் ஒன்று, உள்ளே கோர்ப்பதற்குப் பயன்படும் எண் வேறொன்று. இரண்டாவதை நமக்குக் காட்டுவதே இல்லை. அதைக் காட்டிவிட்டு, ரேங்க் இல்லாத ஆட்டங்களில் கோர்ப்பதைச் சற்றே தளர்த்தினாலே பாதிக் கோபம் தீரும் என்று நினைக்கிறேன்.

புதுக் கணக்கு தொடங்கிக் கீழ் ரேங்க்கில் இறங்கி அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ‘ஸ்மர்ஃப்’ என்று பெயர் வைத்துவிட்டதால் அது நாகரிகமாகிவிடாது. பத்தாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்பு ஓட்டப்பந்தயத்தில் ஓடிச் சோப்புப்பெட்டி வாங்குகிற வேலை அது.

கேள்வி: சேர்ந்த முதல் நாளே ஒன்பது பேரைச் சுட்டு முதலிடம் பிடித்தேன். இரண்டு வாரம் கழித்து ஒருவரைக்கூட வீழ்த்த முடியவில்லை. ஆட்டம் மறந்துவிட்டதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: மறக்கவில்லை, அந்த ஒன்பதில் எத்தனை பேர் மனிதர்கள் என்பதுதான் கேள்வி. என் அண்ணன் மகன் எனக்கு ஒரு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தபோது, மூன்றாவது எதிரியை நான் வீழ்த்திவிட்டுத் துள்ளியதைப் பார்த்து, “சித்தப்பா, அது பாட்” என்றான். கணினியே இயக்கும் போலி ஆட்டக்காரருக்கு அப்படிப் பெயர். எப்படித் தெரியும் என்றேன். வெட்டவெளியில் நேராக நடந்து வந்தது, குண்டு பட்டவுடன் மரத்தின் பின்னே ஒளியாமல் நின்ற இடத்தில் நின்றது, என்னைக் கண்டதும் இரண்டு நொடி யோசித்துவிட்டு என் தலைக்கு மேலே சுட்டது என்று வரிசையாகச் சொன்னான். ‘ஃபோர்ட்நைட்’ 2019-இல் திறமை பார்த்துக் கோர்ப்பதையும் பாட்களையும் சேர்த்தே கொண்டுவந்தது. புதியவர் முதல் நாளே ஓடிவிடாமல் தடுக்க அது நல்ல வழிதான். ஆனால் எதிரே நிற்பது பாட் என்று எழுதிக் காட்டாமல் மனிதப் பெயரைச் சூட்டி அனுப்புவது, மேலே சொன்ன ஒப்புக்குச் சப்பாணி வேலையேதான்.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. ஞாயிற்றுக்கிழமையோடு ‘பாஸ்’ (பணம் கட்டி வாங்கி, ஆடி ஆடிப் படிப்படியாகப் பரிசு எடுக்கும் சீட்டு) முடிந்துவிடும், அதற்குள் முடிக்காவிட்டால் கட்டிய பணம் வீண் என்று கண்விழித்து ஆடுகிறான். அவன் அப்படியொன்றும் வெறியன் இல்லை. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அவன் வெறியன் இல்லை என்பதை நம்புகிறேன். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆடும் இயல்புள்ளவரை இருபது மணி நேரம் ஆட வைப்பதற்கென்றே வகுக்கப்பட்டது காலக்கெடு உள்ள பாஸ். பணம் முதலில் போய்விடுகிறது. வாங்கிய பொருளை உழைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடுவது வேலையாகிவிடும் இடம் இதுதான். கெடு இல்லாமலும் இதைச் செய்ய முடியும்: 2021-இல் வெளிவந்த ‘ஹேலோ இன்ஃபினிட்’ ஆட்டத்தில் வாங்கிய பாஸ் காலாவதியாகாது, 2024-இல் வந்த ‘ஹெல்டைவர்ஸ் 2’ ஆட்டத்திலும் அப்படியே. நம் நாட்டில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. உங்கள் மகன் எந்த ஆட்டத்தை, எந்த வயதைப் பதிந்து ஆடுகிறான் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். திட்ட வேண்டாம், அடுத்த பாஸை சீசன் தொடக்கத்தில் வாங்காமல், கடைசி வாரத்தில், எத்தனை படி ஏறியிருக்கிறான் என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். அதுவரை ஏறிய படிகளுக்கான பரிசுகள் பொதுவாக அப்போதும் கிடைத்துவிடும்.

கேள்வி: ஆடாத நேரத்திலும் முன்னேற வழி செய்துவிட்டால் இந்தச் சச்சரவே இருக்காதே? (வாசகர், கொழும்பு)

பதில்: செய்திருக்கிறார்கள். 2003-இல் தொடங்கிய ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி ஆட்டத்தில், ஒரு பயிற்சியைத் தொடங்கிவிட்டு உறங்கப் போனாலும் கடிகாரக் கணக்கில் அது நடந்துகொண்டே இருக்கும். அங்கே வேறொரு சிக்கல் முளைத்தது. பத்து ஆண்டு முன்னதாகச் சேர்ந்தவரை நேற்றுச் சேர்ந்தவர் எத்தனை உழைத்தாலும் எட்ட முடியாது என்றாகிவிட்டது. 2016-இல், ஒருவர் தம் பயிற்சிப் புள்ளிகளை எடுத்து இன்னொருவருக்கு விற்கலாம் என்று அனுமதித்தார்கள். அதன்பின் பணமுள்ளவர் முந்தினார்.

கேள்வி: வலுவற்றவருக்கு ஆட்டமே கைகொடுப்பது நியாயமா? கேரம் ஆடும்போது நாங்கள் யாருக்கும் காய் விட்டுக்கொடுத்ததில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: ஐயா, தாங்கள் ஆடுபுலி ஆட்டமும் ஆடியிருப்பீர்கள். மூன்று புலிக்கு எதிரே பதினைந்து ஆடு நிற்கிறதே, அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. கைகொடுப்பது ஆட்டத்தின் விதிக்குள்ளேயே இருந்தால் அது உறுத்தாது. ஆட்டத்துக்கு வெளியே இருந்து வந்தால் உறுத்தும். ‘மேரியோ கார்ட்’ பந்தயத்தில் பின்தங்கியவருக்கு வலுவான பொருட்கள் கிடைக்கும்; 1996-இல் வந்த ‘மேரியோ கார்ட் 64’ முதல், முதலிடத்தில் போகிறவரையே தேடிச் சென்று கவிழ்க்கும் நீல ஓடு ஒன்றும் சேர்ந்துகொண்டது. குடும்பத்தோடு ஆடும்போது அது சிரிப்பு. பரிசுப் போட்டியில் அது அழுகை.

அதைவிட நேர்த்தியான வழி, வெவ்வேறு திறமைகளுக்கு வெவ்வேறு வேலை கொடுப்பது. 2007-இல் வந்த ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ ஆட்டத்தில் மருத்துவர் என்று ஒரு பாத்திரம் உண்டு. கூட்டாளியின் பக்கம் திருப்பினால் போதும், அவருடைய குணப்படுத்தும் கருவி தானே பற்றிக்கொள்ளும், குறி தேவையில்லை. ஆனால் யாரோடு போவது, எப்போது பின்வாங்குவது என்ற நிதானம் தேவை. விரல் வேகம் குறைந்த ஐம்பது வயதுக்காரர் அங்கே அணியின் உயிர்நாடியாக இருக்க முடியும்.

‘ஃபோர்ட்நைட்’ செய்ததும் இத்தகையதே. அங்கே சுடுவதோடு, நின்ற இடத்தில் சுவரும் படிக்கட்டும் எழுப்பிக்கொள்ளலாம். புதியவர் ஒரு சுவரை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவதற்குள், தேர்ந்த பையன் நாலு மாடி எழுப்பி மேலிருந்து சுட்டுவிடுவான். பல ஆண்டுகள் பயிற்சி செய்தவருக்கும் இன்று சேர்ந்தவருக்கும் இடையே இருந்த பள்ளத்தில் பெரும்பங்கு அந்தக் கட்டுமானம்தான். 2022 மார்ச்சில், கட்டுமானமே இல்லாத தனி ஆட்டமுறையை நிரந்தரமாகத் திறந்தார்கள். யாருடைய துப்பாக்கியையும் பிடுங்கவில்லை, ஒருவருக்கு மட்டும் என்று எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை. கட்டத் தெரிந்தவர்கள் பழைய களத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தெரியாதவர்கள் பக்கத்துக் களத்தில் உண்மையாகவே ஆடுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் இரு தரப்பையும் அடியோடு பிரித்துவிடுவதுதானே எளிது? (வாசகர், சென்னை)

பதில்: மேலே சொன்னதில் பள்ளம் ஒரே ஓர் உத்தியில் இருந்தது, அதனால் பிரிப்பது பயன்பட்டது. அடியோடு பிரித்த கதை வேறு. 1997 செப்டம்பரில் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’ ஆட்டத்தில், காவலர்கள் உள்ள ஊர் எல்லையைத் தாண்டினால் யாரும் யாரையும் கொல்லலாம். சுரங்கத்தில் ஒரு மணி நேரம் வெட்டிச் சேர்த்த தாதுவைச் சுமந்துகொண்டு திரும்புகிறவரை வழியில் நாலு பேர் மடக்கி, கொன்று, மூட்டையை எடுத்துக்கொண்டு போவார்கள். புதியவர்கள் விலகத் தொடங்கியதும், 2000-இல் உலகத்தையே இரண்டாக்கினார்கள். டிரமெல் என்ற உலகில் சம்மதமில்லாமல் யாரையும் தாக்க முடியாது. ஃபெலுக்காவில் பழைய சட்டம். பெரும்பாலோர் டிரமெலுக்குக் குடிபெயர்ந்தார்கள். இலையற்ற மரங்கள் நிற்கும் ஃபெலுக்காவில், மடக்குவதற்கு வழிப்போக்கர் இல்லாமல் வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரமெல்காரர்களுக்கும் வழியில் பயம் போனதோடு, வீடு வந்து சேர்ந்த நிம்மதியும் போய்விட்டது என்று இன்றுவரை அந்த ஆட்டக்காரர்கள் வாதிடுகிறார்கள். பிரித்திருக்காவிட்டால் ஆட்டமே காலியாகியிருக்கும் என்பது என் கட்சி.

பிரிக்காமல் சேர்த்து வைப்பதற்கு நான் கண்டதில் நல்ல ஏற்பாடு ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ ஆட்டத்தில் இருக்கிறது. அதில் கடும்பயிற்சியாளர்களுக்கென்று தனிக் கோட்டைகள் உண்டு. புதியவர் அங்கே போக வேண்டியதில்லை. ஆனால் எளிய நிலவறைகளுக்குள் மற்ற ஆட்டக்காரர்களோடு சேர்ந்து போக அவருக்கு மூன்று துணைவர்கள் தேவை. அதற்காக, மூத்தவர்கள் நாள்தோறும் குலுக்கல் முறையில் ஏதேனும் ஒரு பழைய நிலவறைக்குப் போய்வந்தால், அவர்களுடைய உயர்நிலை ஆயுதங்களுக்குத் தேவையான பொருளே கூலியாகக் கிடைக்கும்படி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் அவர்களுடைய வலிமை அந்த நிலவறையின் அளவுக்கு இறக்கப்பட்டுவிடும். தொண்ணூறாம் நிலைக்காரர் பதினைந்தாம் நிலைக்காரரோடு பதினைந்தாம் நிலைக்காரராகவே நடப்பார். குழுவில் அந்த இடத்துக்கு முதல்முறையாக வந்தவர் இருந்தால், அந்தச் செய்தி திரையில் எழுதப்பட்டு வரும்; முடித்ததும் மற்றவர்களுக்குக் கூடுதல் வெகுமதி உண்டு. அந்தச் செய்தியைப் பார்த்ததும் மூத்தவர்கள் வணக்கம் சொல்லி, எந்தத் திருப்பத்தில் விலகி நிற்க வேண்டும் என்று எழுதிக்காட்டுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். புதியவர் வராத நாளில் அந்தக் கூடுதல் வெகுமதி அவர்களுக்கும் இல்லை.